முடியாத விளையாட்டுக்கு மூன்று மடங்கு விலை

தமிழில் புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் தெரிந்திருக்கும். பெரிய தொகுதி ஒன்று அச்சாவதற்கு முன்பே பணம் கட்டுகிறவருக்கு அது குறைந்த விலையில் கிடைக்கும். கடைக்கு வந்த பிறகு வாங்குகிறவர் முழு விலை கொடுப்பார். முதலில் பணம் தந்தவர் பதிப்பாளரை நம்பினார், சில மாதங்கள் காத்திருந்தார், அதற்காகத் தள்ளுபடி. இந்தக் கணக்கில் யாருக்கும் குழப்பம் வராது.

வீடியோ கேம் உலகத்தில் 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தக் கணக்கு தலைகீழானது. பிளானட்டரி அனிஹிலேஷன் என்ற போர்த் தந்திர விளையாட்டு, பல பகுதிகள் இன்னும் உருவாகாத நிலையில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 90 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கொஞ்சம் தேறிய பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில், விலை 60 டாலர் ஆனது. 2014 செப்டம்பரில் முழுமையான பதிப்பு என்று அறிவித்து வெளியிட்டபோது 30 டாலர். எவ்வளவு குறைவாக முடிந்திருந்ததோ அவ்வளவு கூடுதல் விலை! கேட்டவுடன் கோபம் வரும். எனக்கும் வந்தது. காரணத்தைப் படித்த பிறகு அந்தக் கோபத்தில் பெரும்பகுதி போய்விட்டது; மிச்சம் இன்னும் இருக்கிறது. அந்தக் காரணம் புரிய வேண்டுமானால், இன்னும் முடிவடையாத விளையாட்டு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதி எழுதிய நாவலைக் கையில் எடுத்தால், எழுதிய பாதியையாவது ஒழுங்காகப் படிக்கலாம். விளையாட்டுகளில் பெரும்பாலும் அப்படி நடக்காது. ஆல்பா என்று சொல்லப்படும் ஆரம்ப நிலையில் அடிப்படை எலும்புக்கூடு நிற்கும். அதன் மேல் தோல் இருக்காது. கதவைத் திறந்தால் பின்னால் அறை இருக்காது. மனிதர்கள் சுவருக்குள் நடந்து போவார்கள். ஒலி பாதி இடங்களில் வராது. திடீரென்று முழு விளையாட்டும் நின்றுவிடும். அடுத்த நிலை பீட்டா. சேர்க்க வேண்டியவை ஏறக்குறைய சேர்ந்துவிட்டன, இனிப் பிழைகளைக் களைய வேண்டும், கணினி திணறாமல் ஓட வைக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதுவும் கடந்தால் 1.0 என்று எண்ணிட்டு வெளியிடுவார்கள். இந்த எல்லைகளை அளந்து முத்திரை குத்த எந்த அமைப்பும் கிடையாது. தயாரிப்பாளர் ஆல்பா என்றால் ஆல்பா, முடிந்தது என்றால் முடிந்தது. புதிதாக வருகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் விளையாட்டில் உங்கள் உழைப்பு நிலைக்காது. நாற்பது மணி நேரம் செலவழித்துக் கட்டிய நகரம் அடுத்த புதுப்பிப்பு வந்ததும் திறக்காமல் போகலாம், ஏனென்றால் அடியில் இருந்த கட்டமைப்பையே மாற்றியிருப்பார்கள். பல்டர்ஸ் கேட் 3 போன்ற பெரிய விளையாட்டிலேயே இது நடந்தது. 2020 அக்டோபர் 6 அன்று, முடிவடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்த அந்த விளையாட்டு, கதையின் முதல் அங்கத்தை மட்டும் 60 டாலர் முழு விலைக்குக் கொடுத்தது. 2023 ஆகஸ்ட் 3-இல் முழு வடிவம் வந்தபோது, முன்பு சேமித்து வைத்திருந்த ஆட்டங்கள் எதுவும் அதில் செல்லவில்லை. எல்லோரும் முதலிலிருந்துதான் தொடங்கினார்கள். இப்படித்தான் ஆகும் என்று அதை உருவாக்கிய லேரியன் நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பெரிய மனவருத்தம் எழவில்லை.

முடியாததை விற்கலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் விளையாட்டுகளைச் சோதிப்பது நிறுவனத்துக்குள் நடக்கும் வேலை. வெளியிலிருந்து ஆள் சேர்த்தாலும் அவர்கள் பணம் கட்டவேண்டியதில்லை. பலர் நினைவில் இந்த வழக்கத்தை உடைத்தது மைன்கிராஃப்ட். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் அதன் ஆரம்ப வடிவத்தை இணையத்தில் வைத்தார். அடுத்த மாதமே விற்கவும் தொடங்கினார். ஆல்பா காலத்தில் சுமார் 10 யூரோ, பீட்டாவில் 15 யூரோ, 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்தபோது 20 யூரோ. நம் முன்வெளியீட்டுத் திட்டம் போலவே, முந்தியவருக்குச் சலுகை. வந்த பணத்தில் அவர் வேலையை விட்டு முழுநேரமாக இதில் இறங்க முடிந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்த வெற்றியைப் பார்த்த பிறகு கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013 மார்ச் 20 அன்று 12 விளையாட்டுகளுடன் ஏர்லி ஆக்சஸ் என்ற தனிப் பிரிவைத் திறந்தது. ஆரம்ப அணுக்கம் என்று தமிழில் சொல்லலாம். விளையாடுகிறவர்கள் ஏர்லி ஆக்சஸ் என்றேதான் சொல்கிறார்கள். நீல நிறப் பெட்டிக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கும்: இந்த விளையாட்டு முடியவில்லை, இனிமேல் மாறலாம், மாறாமலும் போகலாம், இன்று இருக்கும் நிலையில் இதை விளையாட உங்களுக்கு ஆவல் இல்லையென்றால் காத்திருங்கள். ஒரு கடை தன் சரக்கின் மேலேயே "வாங்காமல் காத்திருங்கள்" என்று எழுதி வைப்பது அரிது. அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள்.

இப்போது அந்த 90 டாலருக்கு வருவோம்.

பிளானட்டரி அனிஹிலேஷனை உருவாக்கியது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்த ஊபர் என்டர்டெயின்மென்ட் என்ற சிறு நிறுவனம். (டாக்சி நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.) 1997-இல் வந்த டோட்டல் அனிஹிலேஷன் விளையாட்டில் வேலை செய்த சிலர் இதில் இருந்தார்கள். கிரகங்களை உருண்டையாகவே வைத்து, அவற்றின் மேல் படைகளை நகர்த்தி, தேவைப்பட்டால் ஒரு கிரகத்தைப் பெயர்த்து இன்னொன்றின் மேல் மோதவிடலாம் என்பது அவர்கள் கனவு. அதற்கான பணத்தை 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் கேட்டார்கள். 9 லட்சம் டாலர் கேட்டதற்கு 22 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

இதில்தான் முடிச்சு இருக்கிறது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் தருகிறவர்களுக்குப் பல படிகள் வைப்பார்கள். விளையாட்டு மட்டும் போதும் என்றவர்கள் சுமார் 20 டாலர் தந்தார்கள். ஆல்பா நிலையிலேயே உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றவர்கள் 90 டாலர் படியைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதே ஆல்பாவைக் கடையில் வைக்கும் நாள் வந்தது. 30 டாலருக்கு வைத்தால் என்ன ஆகும்? விளையாட்டு வெறும் கனவாக இருந்த காலத்தில், நம்பிக்கையில் 90 டாலர் தந்தவர்கள் ஏமாளிகள் ஆவார்கள். அதனால் அவர்கள் கொடுத்த அதே விலையைக் கடையிலும் வைத்தோம் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. கூடுதல் விலை, முதலில் நம்பியவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வழியாக இருந்தது.

எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அதைவிட முக்கியமான இன்னொரு விளைவும் அந்த விலைக்கு இருந்தது. 90 டாலர் என்பது ஒரு வேலி. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று வருகிறவர் அந்த விலையைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். இந்த வகை விளையாட்டின் மேல் உயிரையே வைத்திருப்பவர், பிழை வந்தால் எப்படி வந்தது என்று குறித்து அனுப்பப் பொறுமை உள்ளவர், அவர் மட்டும் உள்ளே வருவார். பத்துப் பேர் கொண்ட குழு பத்து லட்சம் பேரின் புகாரைப் படிக்க முடியாது. சில ஆயிரம் பேரின் கவனமான கருத்து என்றால் படிக்கலாம், திருத்தலாம். மற்றவர்கள் ஓராண்டு பொறுத்தால் அதே விளையாட்டு, மேலும் நன்றாக, மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள் நம் வீடுகளில். இங்கே ஆக்குவதற்குமுன் அடுப்பங்கரையில் உட்கார இடம் வேண்டும் என்று கேட்பவருக்குத்தான் கூடுதல் கட்டணம்.

இங்கிலாந்தின் இன்ட்ரோவர்ஷன் நிறுவனம் சிறைச்சாலை கட்டி நிர்வகிக்கும் பிரிசன் ஆர்க்கிடெக்ட் என்ற விளையாட்டின் ஆல்பாவை 2012-இல் இதே போன்ற படிகளுடன் விற்றது. அடிப்படை விலை 30 டாலர். அதற்கு மேல் தந்தவர்கள் விளையாட்டுக்குள் வரும் கைதிகளில் ஒருவருக்குத் தங்கள் பெயரை வைக்கலாம். கூடுதல் பணம் எதற்கு என்பது இதில் வெளிப்படை. மாதந்தோறும் புதிய பகுதியைச் சேர்த்து, செய்ததைக் காணொளியில் விளக்கி, 2015 அக்டோபரில் சொன்னபடி முடித்தார்கள்.

வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டேஇசட் நல்ல எடுத்துக்காட்டு. பிணங்கள் எழுந்து திரியும் நாட்டில் உயிர் பிழைக்கும் விளையாட்டு அது. 2013 டிசம்பரில் 30 டாலருக்கு வந்தது. தீவிரமான கோளாறுகள் இருக்கும், வளர்ச்சிக்கு உதவ விருப்பம் இல்லாதவர்கள் வாங்காதீர்கள் என்று கடைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் போயின! முழுமையான பதிப்பு வர 2018 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அந்த எச்சரிக்கை யாருக்கும் நினைவில் இல்லை. "இன்னும் ஏன் முடிக்கவில்லை" என்ற கேள்வி மட்டும் நின்றது. எச்சரிக்கை எழுத்தைவிட விலை எழுத்து கண்ணில் பெரிதாகத் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் எல்லாக் கூடுதல் விலையும் வேலியாக நிற்பதில்லை. சில இடங்களில் அது தூண்டில். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு கேள்வி உதவுகிறது: விற்கிறவர் என்னைக் காத்திருக்கச் சொல்கிறாரா, அவசரப்படுத்துகிறாரா? பிளானட்டரி அனிஹிலேஷனில் காத்திருந்தவர் பணத்தை மிச்சப்படுத்தினார். ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி விளையாட்டைப் பாருங்கள். கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர் தலைமையில் 2012-இல் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார்கள். முதலில் சொன்ன ஆண்டு 2014. 2022-க்குள் 50 கோடி டாலர் தாண்டிவிட்டது. முழுமையான பதிப்பு இன்னும் வரவில்லை. நுழைவுக் கட்டணம் பெரிதல்ல. ஆனால் உள்ளே விண்கலங்களைத் தனித்தனியாக விற்கிறார்கள், சிலவற்றின் விலை நூற்றுக்கணக்கான டாலர். இதை ரசித்து விளையாடுகிறவர்கள் ஏராளம், அவர்கள் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிக்காமல் இருக்கும்வரை வருமானம் வந்துகொண்டே இருக்கும் ஏற்பாட்டில், முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி எங்கிருந்து வரும்? வாங்குகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

முடியாமலே போனவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டபுள் ஃபைன் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 2013 அக்டோபரில் ஆரம்ப அணுக்கத்துக்கு வந்தது. ஓராண்டு கழித்து, விற்பனைப் பணம் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, திட்டமிட்ட பலவற்றைச் சேர்க்காமலே 1.0 என்று எண்ணிட்டு நிறுத்திக்கொண்டார்கள். விளையாட்டின் நிரல்வரிகளை ரசிகர்களுக்கே திறந்துவிட்டது ஒன்றுதான் ஆறுதல். 2023 பிப்ரவரியில் வந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 இன்னும் கசப்பானது. ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் அதன் முதல் பாகம் ஆரம்ப அணுக்கத்தின் பெருமைக்குரிய பிள்ளை. 2013-இல் அந்தப் பிரிவைத் திறந்த பன்னிரண்டில் அதுவும் ஒன்று, 2015-இல் முறையாக முடிந்தது. இரண்டாம் பாகத்தை ஏறக்குறைய 50 டாலருக்கு விற்றார்கள். வேற்றுக் கோள்களில் குடியிருப்பு, நட்சத்திரங்களுக்கு இடையே பயணம், பலர் சேர்ந்து விளையாடுவது எல்லாம் வரும் என்றார்கள். 2024-இல் அதை உருவாக்கிய குழுவையே மூடிவிட்டார்கள். பின்னால் இருந்தது பெரிய வெளியீட்டு நிறுவனமான டேக்-டூ. பெரிய பெயர், பழைய வெற்றி, கூடுதல் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் உத்தரவாதம் ஆகாது என்பதை அன்று வாங்கியவர்கள் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. தீவில் தனியாகப் பிழைக்கும் ஒரு சிறு விளையாட்டை, உருவாக்கியவர்களுக்கு ஆதரவாக இருக்கட்டும் என்று கூடுதல் விலைப் பதிப்பாகவே வாங்கினேன். முதல் ஐந்து மாதம் புதுப்பிப்புகள் தவறாமல் வந்தன. நான் எழுதி அனுப்பிய ஒரு பிழை, மழை பெய்தால் கூரைக்குள்ளும் நனைவது, அடுத்த பதிப்பில் சரியாகியிருந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த முடிந்த விளையாட்டும் தந்ததில்லை. பிறகு ஒரு மாதம் மௌனம். ஒரு வருடம் மௌனம். கொடுத்த பணத்தைவிட, கேட்ட கேள்விகளுக்கு ஒரு வரி பதில் வராததுதான் வலித்தது.

பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்றால், குறுகலான வழி உண்டு. 2015 ஜூன் முதல் ஸ்டீம் கடையில், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முடியாத விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்த விதி உங்கள் கணினியில் ஓடவே ஓடாத விளையாட்டிலிருந்துதான் காப்பாற்றும். கைவிடப்படும் விளையாட்டு இரண்டாம் மணி நேரத்தில் கைவிடப்படுவதில்லை, இரண்டாம் ஆண்டில் கைவிடப்படுகிறது. அதற்கு இந்த விதியில் மருந்து இல்லை.

பெயரில் ஒன்றுபோல் இருக்கும் இன்னொரு வியாபாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெரிய நிறுவனங்கள் முடிந்துவிட்ட விளையாட்டையே, அதிக விலைப் பதிப்பு வாங்குகிறவர்களுக்குச் சில நாள் முன்னதாகத் திறந்துவிடுகின்றன. 2023 செப்டம்பரில் ஸ்டார்ஃபீல்ட் 70 டாலருக்கு 6-ஆம் தேதி வந்தது. 100 டாலர் தந்தவர்கள் 1-ஆம் தேதியே விளையாடினார்கள். இதில் நீங்கள் எதையும் சோதிப்பதில்லை, உங்கள் கருத்தால் எதுவும் மாறப்போவதில்லை. ஐந்து நாள் பொறுமைக்கு 30 டாலர் விலை, அவ்வளவுதான். கூடவே வேறு சில கூடுதல் பொருள்களும் தந்தார்கள் என்றாலும், எனக்கு இதில் மரியாதை இல்லை. பந்திக்கு முந்துவதற்குக் கட்டணம் வாங்குவது போல இருக்கிறது. இப்படி முன்னதாக விளையாடும் நேரமும் அந்த இரண்டு மணிக் கணக்கில் சேரும் என்று வால்வ் 2024 ஏப்ரலில் விதியைத் திருத்தியது. அதற்கு முன்பு அது ஓர் ஓட்டையாகவே இருந்தது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? ஆரம்ப அணுக்க விளையாட்டு ஒவ்வொன்றின் கடைப் பக்கத்திலும் தயாரிப்பாளர் பதில் எழுத வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஏன் இப்போதே விற்கிறீர்கள், எவ்வளவு காலம் ஆகும், இன்று என்ன நிலையில் இருக்கிறது, முடிந்த பிறகு விலை மாறுமா, விளையாடுகிறவர்களின் கருத்தை எப்படிப் பயன்படுத்துவீர்கள். நான் முதலில் விலைக் கேள்வியின் பதிலைத்தான் படிப்பேன். ஹேடஸ் விளையாட்டை உருவாக்கிய சூப்பர்ஜயன்ட் 20 டாலருக்குத் தொடங்கி, பிறகு 25 ஆக்கியது. ஃபேக்டோரியோவை உருவாக்கிய செக் நாட்டு வூப் நிறுவனம் 2018-இல், விளையாட்டு இன்னும் முடியாதபோதே, 20 டாலரிலிருந்து 30-க்கு உயர்த்தியது. தள்ளுபடி விற்பனை எந்நாளும் கிடையாது என்று சொல்லி அதைக் காப்பாற்றியும் வருகிறது. விலை ஏறும் என்றால் இன்று வாங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இறங்கும் என்றால், நீங்கள் கூடுதலாகத் தருவது எதற்கு என்று அங்கே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்து, அந்த அடுப்பங்கரை இடம் உங்களுக்கு உண்மையில் வேண்டும் என்றால் மனநிறைவோடு கொடுங்கள். எழுதாமல் இருந்தால் கடந்து போய்விடுங்கள்.

பிறகு புதுப்பிப்புப் பட்டியலைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். வாக்குறுதிகளைவிடத் தேதிகள் நம்பகமானவை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அசைவில்லாமல் கிடக்கும் விளையாட்டின் பக்கத்தில் ஸ்டீமே அதைச் சொல்லும் குறிப்பு ஒன்றை 2025 தொடக்கத்திலிருந்து காட்டுகிறது. நான் ஓராண்டு வரை காத்திருக்கமாட்டேன். மூன்று மாதம் எந்தப் பதிவும் இல்லை, கேட்டவர்களுக்குப் பதிலும் இல்லை என்றால் பக்கத்தை மூடிவிடுவேன். கூரைக்குள் மழை பெய்த அந்தத் தீவின் பக்கத்தில் கடைசித் தேதி அன்றிருந்தது போலவே இன்றும் இருக்கிறது. விலையும் அப்படியே இருக்கிறது.